நூற்றிருபது ஆண்டுக் கணக்கு

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் நாட்டுப்புற வழக்கு. இமயமலைச் சரிவுகளில் வளரும் பைன் மரத்தைப் பற்றி இத்தகைய பழமொழி ஒன்றும் நம்மிடம் இல்லை. இருந்திருக்குமாயின், வைத்தவனும் பாரான், அவன் மகனும் பாரான் என்றுதான் அது அமைந்திருக்கும். அம்மரத்தை வெட்டுவதற்கு வனத்துறையினர் குறித்த வயது நூற்றிருபது ஆண்டு. நம் நாட்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் 1951இல் தொடங்கி 2017இல் முடிவுற்றன. அப்பன்னிரண்டு திட்டங்களின் காலத்தையும் கூட்டினாலும் ஒரு பைன் மரத்தின் பாதி வயதைச் சற்றே தாண்டும். அத்தகைய மரத்துக்குத் திட்டம் தீட்டிய மனிதர்களைப் பற்றியும், அத்திட்டத்தில் எழுதப்படாமல் விடுபட்ட மனிதர்களைப் பற்றியும் இங்கே சிறிது காண்போம்.

‘ஒர்க்கிங் பிளான்’ என்று வனத்துறையினர் வழங்கும் சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்று மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் பலமுறை தயங்கியதுண்டு. ‘வேலைத் திட்டம்’ என்றால் சாலை போடும் குத்தகைதாரர் நினைவுக்கு வருகிறார். ‘செயல் திட்டம்’ எதற்கும் பொருந்துவது. ஆதலால் எதற்குமே பொருந்தாதது. இங்கே ‘வனத் திட்டம்’ என்றே வழங்குவோம். அது அடிப்படையில் ஒரு கணக்குப் புத்தகம் என்பதை மட்டும் நேயர்கள் மறவாதிருந்தால் போதும்.

இக்கணக்கு ஏன் தேவைப்பட்டது? இருப்புப் பாதையினால் தேவைப்பட்டது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை சிலிப்பர்க் கட்டைகள் வேண்டும். பக்குவம் செய்யாமலே வெயிலையும் மழையையும் கறையானையும் தாங்கக்கூடிய இந்திய மரங்கள் தேக்கு, சால், தேவதாரு என்னும் மூன்றே. 1853இல் முதல் இரயில் ஓடியபின், வட இந்தியாவில் பாதை போடப் புறப்பட்டவர்களின் கண்கள் இமயத்துத் தேவதாருவின்மேல் விழுந்தன. கார்வால் பகுதியில் பாகீரதி நதிக்கரையில் ஹர்சில் என்னும் ஊரில் குடியேறிய பிரெடெரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர், டெஹ்ரி மன்னரிடம் குத்தகை பெற்றுத் தேவதாருக்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டே பெருஞ்செல்வர் ஆனார். 1865இல் அக்குத்தகையை ஆங்கில அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1869 முதல் 1885 வரை யமுனைப் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் அறுபத்தைந்து லட்சம் கட்டைகள் இறங்கின என்பர். கட்டைக்குக் கட்டை எண்ணிய அந்நாளில் காட்டில் எஞ்சி நின்ற மரங்களை எண்ணுவார் இல்லை.

அவ்வெண்ணிக்கையைத் தொடங்கியவர்களுள் ஒருவருக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. ஹியூ கிளெக்ஹார்ன் 1820இல் சென்னையில் பிறந்தவர். மருத்துவராகப் பயின்று தாவர இயலில் தோய்ந்தவர். 1856இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக நியமிக்கப்பெற்றவர். தென்னிந்தியக் காடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1861இல் வெளிவந்தது. அவ்வாண்டையொட்டி அவரைப் பஞ்சாபை அடுத்த மலைநாடுகளுக்கு அரசாங்கம் அனுப்பியது. சீனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய நதிகளின் தலைப்பகுதிகளில் தேவதாரு எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு போயிற்று என்று ஆராய்ந்து அவர் அளித்த அறிக்கை 1864இல் அச்சாயிற்று. அதே ஆண்டில் சம்பா சமஸ்தானத்தின் காடுகள் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டன. குத்தகை ஆண்டுகளின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். மரத்தின் வயது மெல்ல மெல்லப் பத்திரங்களுக்குள் நுழையத் தொடங்கிவிட்டது.

அதே 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளராக அமர்ந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். அவர் அதற்கு முன்னர் பர்மாவின் பெகு காடுகளில் பணியாற்றினார். யானைமேல் அமர்ந்து காட்டைக் கடந்து செல்வார். இடக்கையில் மூங்கில் துண்டு, வலக்கையில் பேனாக் கத்தி. வழியில் தென்படும் தேக்கு ஒவ்வொன்றுக்கும் அதன் சுற்றளவுக்கேற்ற மூங்கில் துண்டில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணினால் பெருமரம் இத்தனை, நடுமரம் இத்தனை, கன்று இத்தனை என்று தெரிந்துவிடும். நடுமரம் பெருமரமாவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கண்டு, இன்றுள்ள பெருமரங்களை அத்தனை ஆண்டுகளுக்குப் பங்கிட்டு வெட்டினால், கடைசிப் பெருமரம் விழும்போது அடுத்த வரிசை வளர்ந்து நிற்கும். இவ்வளவுதான் வனத் திட்டத்தின் கரு. வட்டியை உண்ணலாம், முதலில் கைவைக்கலாகாது என்று நம் செட்டிமார் கணக்கில் சொல்வதை அவர் மரத்தில் சொன்னார்.

தேவதாருவைப் பற்றி இவ்வளவு போதும். திட்டக் கலை முழு வடிவம் பெற்றது தேவதாருவில் அன்று. அதற்குக் கீழே, ஏறக்குறைய மூவாயிரம் அடி முதல் ஆறாயிரம் அடி வரை குமாயூன், கார்வால் மலைகளைப் போர்த்தியிருக்கும் மற்றொரு ஊசியிலை மரத்தில். மலைமக்கள் அதனைச் ‘சீட்’ என்பர். வெள்ளையர் நாவில் அது ‘சீர்’ ஆயிற்று. புத்தகங்களிலும் சீர்ப் பைன் என்றே நிலைத்தது. சீர் என்ற ஒலி நமக்கு ஒழுங்கையும் திருமண வரிசையையும் நினைவூட்டுகிறது. வனத்துறையாரும் இம்மரத்தை ஒழுங்கின் வடிவாகவே கண்டனர் என்பது வேடிக்கையான பொருத்தம். வேறு மரம் கலவாமல் சரிவு முழுவதும் தானே பரவி நிற்பதும், வெட்டவெளியில் வெயிலைத் தேடி முளைப்பதும் அதன் இயல்பு. திட்டம் தீட்டுவோனுக்கு இதைவிட இணக்கமான மரம் கிடைப்பது அரிது.

முதலில் பைன் கட்டைக்கு மதிப்பில்லை, எளிதில் உளுத்துப்போகும். தார் எண்ணெயில் ஊறவைத்தால் சிலிப்பருக்கு உதவும் என்று தெளிந்தபோது நிலைமை மாறியது. மரத்தின் அடிப்பட்டையைச் செதுக்கிச் சிறு கிண்ணம் பொருத்திப் பிசின் வடிக்கும் தொழில் 1890களில் குமாயூனில் தொடங்கியது. அப்பிசினைக் காய்ச்சினால் கர்ப்பூரத் தைலமும் ரோசனமும் கிடைக்கும். வண்ணப் பூச்சுக்கும் சோப்புக்கும் காகிதத்துக்கும் அவை இன்றியமையாதவை. ஆக, நின்றாலும் பணம், விழுந்தாலும் பணம் என்றாயிற்று.

இனித் திட்டத்தின் அமைப்பைக் காண்போம். மலைமுகடுகளையும் நீரோடைகளையும் எல்லையாகக் கொண்டு காட்டைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிப்பர். ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரலாற்றுக் குறிப்பேடு. எந்த ஆண்டு வெட்டியது, எந்த ஆண்டு தீப்பிடித்தது, கன்று எவ்வாறு எழுந்தது என்பவை அதில் பதியப்படும். மரங்களை நெஞ்சளவு உயரத்தில் அளந்து பருமன் வாரியாக எண்ணுவர். பிறகு கூறுகளையெல்லாம் நான்கு தொகுதிகளாகச் சேர்ப்பர். முதல் தொகுதியை முதல் முப்பது ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். அடுத்ததை அடுத்த முப்பதில். இவ்வாறே நான்கும் முடியும்போது நூற்றிருபது ஆண்டு நிறைவுறும். முதலில் முளைத்த கன்று முற்றிய மரமாய் நிற்கும். சக்கரம் மீண்டும் சுழலும்.

புதுப்பித்தல் என்றால் நடுதல் அன்று. ஏக்கருக்கு ஆறேழு நல்ல மரங்களை விதைக்காக விட்டுவிட்டு ஏனையவற்றை வெட்டுவர். ஏப்ரல், மே மாதங்களின் வெப்பத்தில் பைன் காய்கள் வெடித்துச் சிறகு முளைத்த விதைகள் காற்றில் பறந்து சரிவெங்கும் விழும். மழை வந்ததும் முளைக்கும். கன்றுகள் வேரூன்றியபின் தாய் மரங்களையும் அகற்றுவர். எம்மரத்தைத் தாயாக விடுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. சீர்ப் பைனில் சில மரங்கள் கயிறுபோல் நார் முறுக்கிக்கொண்டு வளரும். அறுத்தால் பலகை கோணும். அம்முறுக்கு பெரும்பாலும் விதைவழி வருவது என்று 1920களில் எச். ஜி. சாம்பியன் என்னும் வன ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து கூறினார். நேர்மரத்தையெல்லாம் வெட்டி விற்றுவிட்டு, விலைபோகாத முறுக்கு மரத்தை விதைக்கு விட்டால் வருங்காலம் முழுவதும் முறுக்காகும். திட்டக்காரன் இன்றைய வருவாயைச் சிறிது விட்டுக்கொடுத்தே தீரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இத்திட்டத்தின் அறிவுடைமையை நாம் குறைத்துக் கூறமாட்டோம். ஓய்வூதியம் வாங்குவதற்குள் பலன் காணவேண்டும் என்று எண்ணும் உத்தியோக உலகில், தாம் இறந்து எழுபது ஆண்டு கழித்து வெட்டப்படும் மரத்துக்காக மலையேறிக் கணக்கெழுதியவர்கள் அவர்கள். ஆயினும் ஒரு பிழை அதன் அடித்தளத்திலேயே இருந்தது. முதல் தொகுதி என்று அவர்கள் வரைபடத்தில் வண்ணம் தீட்டிய சரிவு, கீழே இருந்த கிராமத்தாருக்குப் புல் அறுக்கும் சரிவு.

நாம் ஒருமுறை ராணிகேத்தை அடுத்த பைன் காட்டில் ஒற்றையடிப் பாதையை விட்டுச் சற்று விலகி நடந்தோம். பத்தடி போவதற்குள் சறுக்கி விழுந்தோம். தரை முழுவதும் காய்ந்த ஊசியிலை. மெழுகு பூசிய பாய் போன்றது. அவ்வழியே புற்கட்டுச் சுமந்து வந்த மூதாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தம்முடைய வெறுங்கால் விரல்களைச் சுட்டிக் காட்டினார். அவ்விலைக்கு அவர்கள் மொழியில் ‘பிரூல்’ என்று பெயர். அதன் அடியில் புல் எழும்புவதில்லை. மாடு மேயப் போனால் கால் இடறி உருள்கிறது. ஆகவே கோடையின் முடிவில் அதனைக் கொளுத்திவிடுவது மலைமக்களின் பழைய வழக்கம். மழை விழுந்ததும் கருகிய தரையில் இளம்புல் எழும். ஆனால் அதே நெருப்பில் முதல் தொகுதியின் கன்றுகள் அனைத்தும் சாம்பலாகும். வனத்துறைக்கு வேண்டியது முப்பது ஆண்டு நெருப்பில்லாத, மாடு நுழையாத சரிவு. கிராமத்தாருக்கு வேண்டியது இந்த ஆண்டு ஆவணி மாதத்துப் புல்.

1893இல் குமாயூனில் அளவிடப்படாத நிலம் முழுவதும் அரசாங்கக் காப்பில் சேர்ந்த காடு என அறிவிக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை ஏறக்குறைய மூவாயிரம் சதுர மைல் புதிதாக ஒதுக்குக் காடாயிற்று. எத்தனை மாடு மேயலாம், எத்தனை சுமை விறகு எடுக்கலாம், எந்தக் கிளையை ஒடிக்கலாம் என்றெல்லாம் விதிகள் வந்தன. இவற்றோடு வேறொரு சுமையும் இருந்தது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரியின் மூட்டைகளைக் கிராமத்தார் முறைவைத்துச் சுமக்க வேண்டும். அதற்கு ஊர்தோறும் பதிவேடு உண்டு. மரத்தை எண்ண வந்த அதிகாரியின் கூடாரமும் அவ்வாறு சுமந்து கொணரப்பட்டதே.

1921 ஜனவரியில், உத்தராயணத் திருவிழாவன்று, பாகேசுவரத்தில் சரயு நதிக்கரையில் பெருங்கூட்டம் கூடியது. பத்ரிதத்த பாண்டே முதலியோர் தலைமையில் அச்சுமைப் பதிவேடுகளை மக்கள் ஆற்றில் எறிந்தனர். அவ்வழக்கம் அத்துடன் ஒழிந்தது. அவ்வாண்டு கோடையில் பைன் காடுகள் பற்றி எரிந்தன. பிசின் வடித்துக்கொண்டிருந்த மரங்கள் எண்ணெய் ஊற்றிய தீவட்டிகள் போலப் பற்றிக்கொண்டன. இங்கே ஒன்றை உற்றுநோக்க வேண்டும். பைனுக்கு அருகிலேயே வளர்வது ‘பாஞ்ச்’ என்னும் அகன்ற இலைக் கருவாலி. அதுவும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்ததே. ஆயினும் அது ஏறத்தாழத் தீண்டப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா சுட்டிக்காட்டுகிறார். பாஞ்ச் இலை மாட்டுக்குத் தீவனம். அதன் சருகு வயலுக்கு உரம். அதன் வேரடியில் சுனை வற்றாது என்பது மலைமக்களின் நம்பிக்கை. வனத் திட்டத்தின் கணக்கில் பாஞ்ச் விறகு, பைன் வருவாய். மக்களின் கணக்கிலோ மதிப்பு இதற்கு நேர்மாறு. கண்மூடித்தனமான கலகம் என்று அன்று சிலர் எழுதினர். எதைக் கொளுத்துவது, எதை விடுவது என்று தெரிந்து கொளுத்தியவர்களைக் கண்மூடிகள் என்பது பொருந்துமா?

அரசாங்கம் உடனே ஒரு குறைகேள் குழுவை நியமித்தது. கமிஷனர் விண்டம் தலைமையில் அது ஊர் ஊராகச் சென்று ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்டது. வாணிபப் பயன் குறைந்த காடுகளை முதல் வகுப்பு எனப் பிரித்து வனத்துறையிடமிருந்து எடுத்துவிட வேண்டும். வருவாய்க்குரிய காடுகளை இரண்டாம் வகுப்பாக வனத்துறை வைத்துக்கொள்ளலாம் என்று அது பரிந்துரைத்தது. அவ்வாறே நடந்தது. எவரும் காவாத முதல் வகுப்புக் காடுகளுள் சில பாழாயின என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. 1931இல் மூன்றாவது வழி ஒன்று பிறந்தது. கிராமத்தாரே பஞ்சாயத்து அமைத்து, தம் எல்லைக்குட்பட்ட காட்டைத் தாமே காத்து, தாமே விதி வகுத்துக்கொள்ளலாம் என்னும் வனப் பஞ்சாயத்து விதிகள் வெளிவந்தன. புல் அறுக்கும் நாளைக் கூடிக் குறிப்பதும், காவலாளுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தானியம் திரட்டுவதும் அப்பஞ்சாயத்துகள் பலவற்றின் வழக்கமாயின. இன்று உத்தராகண்டில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. நூற்றிருபது ஆண்டுக் கணக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஓராண்டுக் கணக்கில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் திட்டம் குறித்த அளவை மீறி மரம் வெட்டப்பட்டது. யுத்த காலத்தில் எந்தக் கணக்குப் புத்தகம் நிலைத்தது? விடுதலைக்குப் பின்னும் குத்தகைதாரர்களின் கோடரி ஓயவில்லை. 1973இல் சமோலி மாவட்டத்து மண்டல் கிராமத்தில், ஏர்க்கருவி செய்ய உள்ளூராருக்கு மறுக்கப்பட்ட மரம் விளையாட்டுப் பொருள் செய்யும் வெளியூர் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டபோது சிப்கோ இயக்கம் எழுந்தது. 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவருடன் இருந்த பெண்களும் மரத்துக்கும் கோடரிக்கும் நடுவே நின்ற செய்தி உலகம் அறிந்தது. 1981இல், ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் பச்சை மரத்தை வாணிபத்துக்காக வெட்டுவது பதினைந்து ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது.

அப்பதினைந்து ஆண்டு முடிவுறும் வேளையில் தெற்கிலிருந்து ஒரு வழக்கு வந்து சேர்ந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். கூடலூருக்காகத் தொடுத்த வழக்கு நாடு முழுவதற்குமான வழக்காக விரிந்தது. 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த ஆணை, மத்திய அரசாங்கம் ஒப்பிய வனத் திட்டத்தின்படியன்றி எக்காட்டிலும் மரம் வெட்டலாகாது என்றது. ஹிமாசலப் பிரதேசத்துக்கும் அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதிக்கும் அதனினும் கடுமையாக, வெட்டவே கூடாது என்றது. பிராண்டிஸ் காலத்தில் வனத்துறையின் உள்ளறைக் குறிப்பாக இருந்த வனத் திட்டம் அன்றுமுதல் நீதிமன்றத்தின் முன் பதில் சொல்லும் ஆவணமாயிற்று. அதனை எழுதும் முறைக்கென நாடு தழுவிய விதித்தொகுப்பு 2004, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளியாயிற்று. பத்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் திருத்தி எழுதப்படுகிறது.

ஆனால் சக்கரம் இடையிலேயே நின்றது. சான்றாக, ஒரு காட்டின் முதல் தொகுதி 1915இல் புதுப்பிக்கத் தொடங்கப்பெற்றது எனக் கொள்வோம். இரண்டாம் தொகுதி 1945இல். மூன்றாம் தொகுதி 1975இல். மூன்றாவதன் பணி ஆறே ஆண்டுகளில் தடைப்பட்டது. நான்காம் தொகுதியின் முறை வந்தும் எவரும் அதைத் தொடவில்லை. விதைக்கென விட்ட தாய் மரங்கள், கன்றுகள் வளர்ந்தபின்னும் அவற்றின் தலைக்குமேல் நின்றுகொண்டே இருக்கின்றன. ஒளி வேண்டும் இளமரங்கள் நிழலில் ஒடுங்குகின்றன என்று வனத்துறையாருள் பலர் குறைகூறுகின்றனர். வெட்டாமையும் ஒரு திட்டமே என்பது எதிர்த்தரப்பாரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு என்று நாம் கருதுகிறோம். ஆனால் எழுதிய திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதற்கு மாற்றான திட்டத்தையும் எழுதாதிருப்பது மூன்றாவது நிலை. நெடுங்காலம் நாம் இருந்தது அந்நிலையில்தான். 2018இல் ஹிமாசலத்தில் சில சரகங்களில் மட்டும், பைன் உட்பட மூன்று மரங்களைச் சோதனையாக வெட்டிப் புதுப்பிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

உத்தராகண்டின் வனத்துறைக் காடுகளில் ஏறக்குறைய நான்கு லட்சம் ஹெக்டர் சீர்ப் பைன். அதன் ஊசியிலை ஆண்டுதோறும் கோடையில் உதிர்கிறது. கொளுத்திப் புல் வளர்த்த கிராமங்கள் பலவற்றில் இன்று மாடும் குறைவு, புல் அறுக்கும் கைகளும் குறைவு. இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சரிவில், கூடி நின்று மூட்டிய சிறு நெருப்புக்குப் பதிலாக, எவரும் எதிர்பாராத நாளில் பெருநெருப்பு வருகிறது. 2024 ஜூன் மாதத்தில் அல்மோராவை அடுத்த பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் அன்றே உயிரிழந்தனர். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் பச்சைக் கிளைதான். மலைத்தீயை அடித்து அணைக்க அங்கே நெடுங்காலமாகப் பயன்படும் கருவி அது. அவ்வாண்டிலேயே பிரூலைத் திரட்டிக் கொணர்வோருக்குக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் தருவதாக மாநில அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கத்தின் கணக்கில் பைன் இலைக்கும் ஒரு விலை எழுதப்பட்டுவிட்டது.

1915இல் முளைத்த கன்று இன்று நூற்றுப்பத்து வயதை எட்டிய மரம். நெஞ்சளவில் அதன் பட்டையில் பழைய பிசின் வெட்டின் வடு மேடிட்டிருக்கும். கூறின் குறிப்பேட்டில் அதன் முறை 2035. அதற்குக் கீழே உள்ள கிராமத்தில் பஞ்சாயத்தார் கூடி இவ்வாண்டுப் புல்லறுப்பு நாளைக் குறித்திருப்பார்கள்.